இடது கை மட்டும் அரை இஞ்ச்

"ஹலோ... ஹலோ, மமதா? கட் பண்ணிடாதே கண்ணு, ரெண்டே நிமிஷம். நான்தான், ஷோபா... ஆமா, வேற நம்பர். பக்கத்து வீட்டு ஜோசஃபின் ஆன்ட்டி ஃபோன். என் நம்பர்னா அங்க யாருமே எடுக்க மாட்டேங்கறீங்களே... இல்ல, இல்ல, சண்டை போடக் கூப்பிடல. சத்தியமா இல்ல. உன்னை பேஜார் பண்ண மாட்டேன். பாப்பாவோட அளவு வேணும், அவ்வளவுதான்."

மர்பி டவுன் வீட்டின் ஒற்றை அறையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, ஷோபா அதன்மேல் மண்டியிட்டிருந்தாள். ஃபோன் காதுக்கும் தோளுக்கும் நடுவில், பென்சில் கையில். பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் சாம்பிள் தைக்கிறவள். கணவன் நாகேஷை விட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குழந்தை அவனிடம், மல்லேஸ்வரத்தில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா வந்து பார்க்கலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பெருந்தன்மையாகப் பேசி முடித்திருந்தார்கள். அந்த ஞாயிறு வந்து நான்கு மாசம் ஆயிற்று. ஒரு வாரம் பரீட்சை, ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் யாருக்கோ கல்யாணம். அந்த வீட்டில் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள் நாகேஷின் தங்கை மமதாதான்.

"நாளன்னைக்கு எட்டு வயசு முடியுதில்ல அவளுக்கு... பின்ன, எனக்கா ஞாபகம் இருக்காது? ஃப்ராக் தைக்கறேன். என் சின்ன வயசு ஃபோட்டோ பார்த்திருக்கியே, ஸ்டுடியோவுல எடுத்தது... ஆங், அதேதான். வெள்ளைக் காலர், பஃப் கை, இடுப்புப் பட்டைய பின்னாடி பெருசா முடிச்சுப் போட்டு. 'எனக்கும் அந்தப் பழைய காலத்து ஃப்ராக்தான் வேணும்'னு பாப்பா எத்தனை தடவை கேட்டா! எங்க ஃபேக்டரிக்கு அதே மாடல்ல ஃபாரின் ஆர்டர் வந்துது. அங்க இப்போ பழசுதான் ஃபேஷனாம். சேஷகிரி மாஸ்டர்கிட்ட கெஞ்சி, குப்பைக்குப் போற பேப்பர் பேட்டர்ன் ஒண்ணு, அத வெச்சுத்தான் துணி வெட்டறது, வாங்கிட்டேன். ஆனா அது ஆறு வயசுக்கு... இல்ல மமதா, சுத்தி ஒரு இஞ்ச் விட்டு வெட்டினா ஆகாது. கழுத்து தொளதொளன்னு தொங்கிடும். இந்த வயசுல குழந்தைங்க நீளமாத்தான் போகுதுங்க. பேப்பர குறுக்க வெட்டி, பிரிச்சு, நடுவுல வேற பேப்பர் ஒட்டணும். எவ்வளவு பிரிக்கறதுன்னு அளவு வந்தாத்தானே தெரியும்?... ஆமா, ஆமா. இஞ்ச் டேப் இருக்கா வீட்ல?"

மறுமுனை தயங்கியது. ஷோபா விடவில்லை.

"உங்க அண்ணன் இருக்காரா?... இல்லல்ல? அப்புறம் என்னா. பாப்பா?... பக்கத்துலயே நிக்கறாளா! குடேன், ஒரே ஒரு நிமிஷம் குடு... என்னா?... பேச மாட்டேங்கறாளா."

பென்சில் நின்றது. நாலு மாசம் முகம் காட்டாத அம்மாமேல் குழந்தைக்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? கோபம் இருக்கிறதென்றால் நினைப்பும் இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்வது ஷோபாவுக்குச் சௌகரியமாக இருந்தது, எடுத்துக்கொண்டாள்.

"பரவால்ல, அவள திட்டாதே. ஸ்பீக்கர்ல போடு, அவ சும்மா கேட்டாப் போதும்... போட்டியா? பாப்பா... சிந்துக்குட்டி... அம்மாடி. கோவமா? கோவப்படு, நல்லா கோவப்படு. அம்மா உனக்கு ஃபோட்டோ ஃப்ராக் தைக்கறேன். நீலத்துல வெள்ளைப் புள்ளி. அந்த ஃபாரின்காரங்க முதுகுல ஜிப் வெச்சிருக்காங்க, உனக்குக் குத்தும்னு அத எடுத்துட்டு பட்டன் வெக்கறேன். காலர் அரிக்குதுன்னு அழுவியே, அதுக்கு உள்ள மெத்துன்னு மல் துணி. அப்புறம், யார்கிட்டயும் சொல்லாதே, பாக்கெட் வெக்கறேன். அம்மா ஃப்ராக்ல பாக்கெட் கிடையாது. ஆனா நீ ரோட்ல கல்லு பொறுக்குவியே, அதுக்கு ரெண்டு பாக்கெட், சைடு தையல்ல வெளிய தெரியாம... மமதா, சிரிச்சாளா?... சிரிச்சாளா! நான் சொன்னேன்ல!"

ஷோபாவே சத்தமாகச் சிரித்துவிட்டாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு காகிதத்தின் ஓரத்தில் எழுதத் தயாரானாள்.

"சரி, நேரா நில்லு கண்ணு. மூச்ச இழுத்துப் புடிக்காதே. அத்தை அளக்கட்டும். மார்பு?... இருபத்தேழா? போன வருஷம் இருபத்து நாலுதானே! சதை போட்டுட்டாளா, என் தங்கம். நல்லா பாத்துக்கறே மமதா, உனக்குக் கோயில் கட்டணும்... சரி, சரி, அழுமூஞ்சி மாதிரி பேசாதே. தோள்?... பத்தரை. ம்... தோள் மட்டும் அப்படியே இருக்கா, ஆச்சரியம்தான். கை சுத்தளவு, பஃப் முடியற இடத்துல... எட்டு. ஆய்த்து, எழுதிட்டேன். அடுத்தது இறக்கம்... என்னா? இடது கை எட்டரையா?"

இடது கையை யாரும் கேட்கவில்லை. மமதா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்; அந்த ஒழுங்கே அவளை மாட்டிவிட்டது. எந்தக் குழந்தைக்கும் ஒரு கை மட்டும் அரை இஞ்ச் பெருத்திருக்காது. போன பிறந்தநாளுக்கு ஷோபா தைத்த மஞ்சள் ஃப்ராக்குக்கு இருந்தது. துணி பத்தாமல் இடது கைப் பட்டியில் ஒட்டுப் போட்டபோது அரை இஞ்ச் கூடிப்போய், பிரித்துத் தைக்க நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தாள். ஷோபா தான் எழுதிய எண்களைப் பார்த்தாள். இருபத்து நாலுக்கு மூன்று இஞ்ச் லூஸ் விட்டால் இருபத்தேழு. எல்லாம் அவள் கத்தரி வெட்டிய எண்கள்.

"மமதா... நீ பாப்பாவ அளக்கல. மஞ்ச ஃப்ராக்க அளக்கறே... பொய் சொல்லாதே. இடது கைய உள்பக்கம் திருப்பிப் பாரு, ஒட்டு இருக்கும்... இருக்கா?... அப்போ அவ எங்க? சொல்லு. நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசினேன்?... அழாதேடி, நீ அழுதா எனக்கு ஒண்ணும் புரியல... எங்க? புனேவா? உங்க அண்ணனும் அங்கதானா?... எப்போ?... ஸ்கூல் திறக்கும்போதேவா! அப்போ பரீட்சை, காய்ச்சல், கல்யாணம், எல்லாம்... ம்... ம்... அட்ரஸ்?... உன்கிட்டயும் சொல்லலயா? இல்ல, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினானா?... சரி. சரி, கேக்கல. அவகிட்ட என்னா சொல்லிக் கூட்டிட்டுப் போனான்? அம்மா எங்கன்னு கேட்டிருப்பாளே... சொல்லு, நான் தாங்கிக்கறேன்..."

ஷோபா கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் இறங்கிப்போய் ஃபோன் நழுவியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"...அம்மாவுக்கு நீ வேணாமாம்னு. அப்படியேவா சொன்னான்?..."

கத்தியிருக்கலாம். ஸ்டேஷனுக்குப் போகிறேன், வக்கீலைப் பார்க்கிறேன் என்று மிரட்டியிருக்கலாம். ஆனால் பயந்துபோய் மமதா ஃபோனை வைத்துவிட்டால் குழந்தையைப் பற்றிப் பேச உலகத்தில் வேறு ஆளில்லை. ஷோபா குரலை எப்படியோ தணித்துக்கொண்டாள்.

"மமதா, வெச்சிடாதே. ஒண்ணே ஒண்ணு. மஞ்ச ஃப்ராக் ஏன் அங்கயே கிடக்கு? அத எடுத்துட்டுப் போகலயா அவ?... கிளம்பற அன்னைக்குப் போட்டாளா? அவளாவா கேட்டா?... பத்தலயா... அழுதாளா... ம். கழட்டவே மாட்டேன்னாளா."

ஷோபா பென்சிலைத் தேடி எடுத்தாள்.

"எங்க பத்தல? யோசிச்சுச் சொல்லு கண்ணு. அக்குள்ல புடிச்சுதா?... இல்ல. கழுத்து?... சரியா இருந்துதா. அப்போ இடுப்பு மேல ஏறிடுச்சு, அதானே?... அதான், அதான், நான் சொன்னேன்ல, நீளமாத்தான் வளருவான்னு. எவ்வளவு மேல? இடுப்புல கை வெச்சுப் பாரு, தையல் எங்க நின்னுது? ஒரு விரலா, ரெண்டு விரலா?... நீதானே பட்டன் போட்டுவிட்டே, ஞாபகப்படுத்திப் பாரு... யாரு? உங்க அம்மா வந்துட்டாங்களா? இரு, இரு, விரல மட்டும் சொல்லிடு, ஒண்ணா, ரெண்டா... மமதா... ஹலோ... ஹலோ..."

மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். ஜோசஃபின் ஆன்ட்டியின் நம்பரும் அந்த வீட்டுக்கு இனி தெரிந்த நம்பர்தான்.

இடுப்புக்கு மேலே குறுக்காக வெட்டி வைத்திருந்த காகிதம் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஷோபா இரண்டையும் கொஞ்சம் தள்ளி நடுவில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை வைத்தாள். பசை டப்பா திறந்தே இருந்தது, எந்த இடத்தில் ஒட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.