சுத்தமான ஓரங்கள்

எனக்கு டீ வேண்டாம் சார், கொஞ்சம் வெந்நீர் இருந்தால் போதும். கேட்டீர்களே, சொல்கிறேன்.

அருப்புக்கோட்டை அலுவலகத்தில் என் வேலை அலுங்காத வேலை. நிலத்தடி நீர் பற்றி அரசாங்கம் பல காலமாகத் தயாரித்த ஆய்வறிக்கைகளை ஸ்கேன் செய்து இணைய நூலகத்தில் ஏற்ற வேண்டும். பாலவனத்தத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரியும் வீரசோழன் வியாபாரியும் செல்போனிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம். என் நூலகத்தில் எந்தப் பக்கத்திலும் ஒரு கறை இருக்காது. அதில் எனக்குப் பெருமைதான், அதை மறைக்கவில்லை.

திருச்சுழிப் பக்கத்துப் பழைய கிணறுகளைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. எழுதியவர் சங்கரலிங்கம் என்ற பொறியாளர், இப்போது உயிரோடு இல்லை. இரண்டு கிணறுகளின் படங்களுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால், 'அடியில் விஷவாயு, ஆள் இறங்கக் கூடாது' என்று எழுதி வைத்திருந்தார். கறை நீக்கும் மென்பொருளுக்குப் பூச்சி அரித்த தடமும் பென்சில் எழுத்தும் ஒன்றுதான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. எழுத்து போனதை நான் பார்த்தேன். பக்கம் பளிச்சென்று இருந்ததால் அப்படியே ஏற்றினேன். ஏற்றி முடித்த அறிக்கைகளைப் பழைய பேப்பருக்குப் போடுவது எங்கள் அலுவலக வழக்கம். இதையும் போட்டோம்.

கிணறு தூர்வாருகிற சின்னச்சாமி ஒருநாள் போன் செய்தார். நூலகத்தின் முகப்பில் என் நம்பர்தான் இருக்கிறது.

"சார், திருச்சுழிக் கெணத்துப் படத்தப் பாத்துட்டேன். ஆழம், பாறை எல்லாம் தெளிவாப் போட்ருக்கு. எறங்கலாம்ல?"

அந்த இரண்டு கிணறுகளில் ஒன்றைத்தான் கேட்டார்; பென்சில் எழுத்து உடனே ஞாபகம் வந்தது. சொன்னால், அது ஏன் நூலகத்தில் இல்லை என்று கேள்வி வரும். இன்னும் எத்தனை பக்கத்தில் துடைத்தாய் என்று மேலே உள்ளவர்கள் குடைவார்கள். அந்த வாரம்தான் நூலகத்துக்குத் திறப்பு விழா வேறு.

"லைப்ரரில உள்ளதுதாண்ணே எல்லாம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கயிற்றில் இறங்கியவரைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். நான் துட்டிக்குப் போனேன். அவர் மனைவி மூக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தரம் போன்ல பேசுன பழக்கத்துக்கு வந்திருக்கீகளே சார்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நிஜமான அழுகைதான்.

அதிலிருந்து எந்த அறிக்கையைத் திறந்தாலும் ஓரத்தில் அந்தப் பென்சில் எழுத்து தெரிகிறது. விரலில் எச்சில் தொட்டுத் திரையைத் தேய்ப்பேன். போகாது. கூட வேலை பார்க்கும் கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினால், "ஒண்ணும் இல்லையே சார், சுத்தமாத்தான இருக்கு" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிறகு மூக்கம்மாளே போன் செய்தாள். அவள் கொழுந்தன் தங்கமாரி, பென்சிலில் குறித்திருந்த அந்த இரண்டாவது கிணற்றில் இறங்கப் போகிறானாம்.

"அவுகளுக்கு ஆன மாதிரி இவனுக்கும் ஆயிரக் கூடாது சார். அந்தப் படத்துல ஏதும் போட்ருந்தா மறைக்காமச் சொல்லுங்க. நீங்க வேணாமுன்னா நிப்பாட்டிப்புடுறேன்."

நான் அவசரப்பட்டுப் பேசுகிற ஆள் இல்லை, யோசித்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்தான். ஆனால் தங்கமாரிக்கு வேண்டாம் என்றால், சின்னச்சாமிக்கு ஏன் சொல்லவில்லை என்று அந்தம்மா கேட்பாள். அதுவரைக்கும் சின்னச்சாமி செத்தது ஒரு விபத்து. அதைப் போய்க் கொலையாக்க எனக்கு மனசு வரவில்லை.

"தாராளமா எறங்கச் சொல்லுங்கம்மா" என்றேன்.