சூட்டில் உருகும் கிரீஸ்

கிரீஸ் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள், ஐயா. அது தவறு. முன்சக்கர பால்ஸ் குண்டுகளுக்குச் சாதாரண கிரீஸ் போதும். ஆனால் பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பிரேக், பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் கெஃப் மாதிரி மலைச்சரிவு ஊரில், இறங்க இறங்க அது கொதிக்கும். அதற்குச் சூடு தாங்கும் கிரீஸைத்தான் போட வேண்டும். என் கடையில் அது எப்போதும் இருக்கும்.

லஸ்ஹர் நல்லவன். மேல்தெருவிலிருந்து கீழ்ச்சந்தைக்கு சைக்கிளில் ரொட்டி கொண்டுபோகிறவன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ரொட்டி வாங்கப் போகும் என் தங்கை மப்ரூக்கா திரும்ப நேரமாவதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகு அவள் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் உப்புப் போட மறந்தாள். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவளும் லஸ்ஹரும் ரொட்டிக் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள்.

அம்மா இறந்தபோது அவள் சிறுபிள்ளை. அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை அவளிடம் தினமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாலை லஸ்ஹர் கடைக்கு வந்தான்.

"அண்ணே, பின்சக்கரம் கரகரங்குது. பிரிச்சுப் பாருங்க. முன் பிரேக் கட்டையும் தேஞ்சு போச்சு."

"பார்த்துடலாம். உட்காரு, டீ குடி."

அவன் உட்காரவில்லை. "இன்னொண்ணும் பேசணும்ணே. சொன்னா ஸ்பேனரைத் தூக்க மாட்டீங்களே?" என்று சிரித்தான். "நோன்பு முடிஞ்சதும் அம்மாவைக் கூட்டிட்டு வரேன், மப்ரூக்காவைப் பொண்ணு கேட்க. அப்புறம் ஊரை விட்டு, கடலோரம் ஸ்ஃபாக்ஸ் பக்கமே போயிடலாம்னு..."

"அவ சம்மதிச்சாளா?"

"ஸ்ஃபாக்ஸ்னு சொன்னதே அவதாண்ணே."

அன்றே ஹப்பைப் பிரித்தேன். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிறகு கதவுக் கீலுக்குப் போடும் வெள்ளை கிரீஸை எடுத்து நிறைய அப்பினேன். சூடு பட்டால் அது தண்ணீராகிவிடும், பிரேக் பிடிக்காது. முன் பிரேக் கட்டை கைவசம் இல்லை, அடுத்த வாரம் மாற்றலாம் என்றேன். அலமாரி நிறையக் கட்டைகள் இருந்தன. கடைவாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவன், "பட்டு மாதிரி போகுதுண்ணே," என்றான்.

மறுநாள் காலை கீழ்ச்சந்தை வளைவில் சுவரோடு மோதிச் செத்தான். நான் பார்க்கவில்லை, கடையில் இருந்தேன். ரொட்டிகள் சந்தை வரைக்கும் உருண்டனவாம். ஜனாஸா ஊர்வலத்தில் முதல் ஆளாகத் தோள் கொடுத்தேன்.

மப்ரூக்கா அழவில்லை. நசுங்கிய சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்து முற்றத்தில் போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரக் கம்பிகளில் வெள்ளையாக வழிந்து உறைந்திருந்தது. விரலால் தொட்டு மோந்தாள். என் டப்பாக்களைத் துடைத்து அடுக்குகிறவள் அவள்தானே.

"அண்ணா, இது கதவுக்குப் போடுறதுல்ல?"

"அவசரத்துல மாறியிருக்கும்மா."

"உனக்கா மாறும்?"

அன்றிலிருந்து என் கையால் ஒரு டம்ளர் டீகூட வாங்கிக் குடிப்பதில்லை. படுக்கும்போது அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான்.

மாறவில்லை, ஐயா. தெரிந்துதான் போட்டேன். அவன் சாகட்டும் என்றுதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஹப்பை உங்களிடம் கொண்டுவந்தது அவள்தான் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் மேசை அழுக்காகக் கூடாதென்று சலவை செய்த துணியில் சுற்றியிருக்கிறாள், பார்த்தீர்களா? என் வளர்ப்பு அப்படி. வெள்ளிக்கிழமை எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். ஸ்டேஷன் வாசலில் யாரும் அவளைத் தடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.