மாமாவின் தப்படி

— அஞ்சு, மாமா. வெறும் அஞ்சு! பன்னெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி கூட அஞ்சாவது படியைத் தாண்டல.

— அஞ்சுன்னா என்ன கொறைச்சலாம்மா? அதுங்க வாங்குன மூச்சுல கார்னர் கொடி நாலும் சாஞ்சிருச்சு. என் கண்ணால பாத்தேன்.

— ஏழு வேணும். நாளான்னைக்கு ஓட்ட டெஸ்டுல மொத்த டீமும் ஏழாவது படியைத் தொட்டாதான் லீக்குல சேப்பாங்களாம். இல்லன்னா இந்தப் பொண்ணுங்க ஃபுட்பால் டீமையே கலைச்சிருவேன்னு நம்ம கிளப் செயலாளர் சொல்லிட்டாரு.

— யாரு, அந்தாளா? ஷூ லேஸ் கட்டிட்டு நிமிர்றதுக்கே அரை நாள் லீவு போடுவாரே!

— சிரிப்பு காட்டாதீங்க மாமா. ஆறு வாரம் ஆச்சு. மூணு நாள் வேக ஓட்டம், ரெண்டு நாள் கயிறு தாண்டல், ஞாயித்துக்கெழமை முழு ஓய்வு. யாரு எத்தனை மணிக்குத் தூங்குனாங்கன்னு வரைக்கும் நோட்டுல இருக்கு. மொத வாரம் ஆறைத் தொட்ட புள்ளைங்க, இப்ப அஞ்சுல நிக்குதுங்க. எந்தக் கோச்சுக்காவது இப்படி நடக்குமா?

— எல்லாம் அந்த ஸ்பீக்கர் டப்பா பண்ற வேலை. அது ‘பீப்’னு கத்துறதுக்குள்ள இந்தக் கோன்லருந்து அந்தக் கோனுக்கு ஓடணுமாம், படி ஏற ஏற அது சீக்கிரம் சீக்கிரமாக் கத்துமாம். தபால்காரனா முப்பத்தாறு வருசம் ஓடுனேன், எந்த நாயாவது ‘பீப்’னு கத்திட்டா தொரத்துச்சு?

— நாய்க் கதை இப்ப வேணாம்.

— ஒரு நாயா? பதினேழு! கடைசியில அதுங்கதான் நாக்கைத் தள்ளிட்டு உக்காந்துச்சு. பாவமேன்னு நான் திரும்பிப் போய் தண்ணி வெச்சுட்டு வந்தேன்.

— மாமா...

— இந்தப் புள்ளைங்க வயசுல, எங்க மாஸ்டர் எல்லாரையும் இருபது மீட்டர் ஓடச் சொல்லுவாரு. நான் மூணு மீட்டர் கூடவே ஓடிட்டுத் திரும்புவேன். அப்பவும் நான்தான் மொதல்ல!

— இதையெல்லாம் புள்ளைங்ககிட்டயும் அளந்து விடுறீங்களா?

— விடாம? வாயைப் பொளந்து கேக்குதுங்க.

— நல்லது. நான் செயலாளருக்கு ஃபோன் போடறேன். நாங்க டெஸ்டுக்கு வரலன்னு சொல்லிடறேன். ஊரே பாக்க, இதுங்க தோத்துட்டு அழறதை என்னால பாக்க முடியாது.

— ஃபோனைக் கீழ வை மருமகளே! நீ அழாத மொதல்ல.

— இருங்க. இந்தத் தூரம் சரிதானே? சுண்ணாம்புல புள்ளி வெச்சது நீங்கதானே?

— புள்ளி வெக்கிறது என் வேலை. அது மேல கோன் வெக்கிறது புள்ளைங்க வேலை. இருபது மீட்டர், தப்படி போட்டு அளந்தேன்.

— தப்படியா! டேப் குடுத்தேனே?

— டேப் எதுக்கு? என் தப்படி ஒண்ணுன்னா மீட்டர் ஒண்ணு. டேப்பே என்கிட்ட வந்துதான் தன்னைச் சரிபாத்துட்டுப் போவும்.

— இந்த முனையைப் புடிங்க. அந்தக் கோன்ல வெச்சு அழுத்துங்க. இறுக்கமா.

— புடிச்சாச்சு, புடிச்சாச்சு.

— இருபத்து மூணு.

— தலைகீழாப் புடிச்சிருப்ப. திருப்பிப் பாரு.

— இருபத்து மூணு, மாமா! ஒரு நாயைப் பதினேழாக்குன மாதிரி, மீட்டரையும் இழுத்து விட்டுட்டீங்களா?

— வாயி பொய் சொல்லும்மா. அது ஊரறிஞ்சது. ஆனா காலு? முப்பத்தாறு வருசத்துல ஒரு நாளும் சொன்னதில்ல. வயசாயிருச்சு போல. சின்னதுங்க வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேனே.

— இருங்க, இருங்க! இருபது மீட்டருக்கான நேரத்துல இருபத்து மூணு ஓடியே அஞ்சைத் தொட்டிருக்காங்க. அப்போ சரியான தூரத்துல விட்டா... மாமா! எட்டு வரைக்கும் போவாங்க!

— நெசமாவா?

— நெசமா! தங்கமான தப்பு பண்ணியிருக்கீங்க!

— அப்பப் பத்துன்னே சொல்லு. எட்டுன்னா யாரு நம்புவா?

— ஏய் சிட்டு! நீ கேப்டனா, திருடியா? ஏன் கோல் கம்பத்துக்குப் பின்னாடி ஒளியற? வா இங்க. ஒங்க தாத்தா பண்ண கூத்தைக் கேட்டியா?

— அக்கா, தாத்தாவை ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு வெச்ச புள்ளி அந்தக் கோனுக்கு அடியில இல்ல. அதோ, அந்தப் புல்லுக்குள்ள இருக்கு.

— என்னடி சொல்ற?

— தாத்தா அளந்தது சரியா இருபதுதான்க்கா. அவரு மட்டும் மூணு மீட்டர் கூட ஓடுனாராமேன்னு, அவரைத் தோக்கடிக்க ரெண்டாவது வாரத்துலருந்து நாங்கதான் தினமும் கோனைத் தள்ளி வெச்சோம்.