ஆடியில் உடைந்த கதவுகள்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பஞ்சநதம் அவர்களே, வாசலைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பாபநாசத்துப் பெருமக்களே! காக்கிச்சட்டை போட்ட உதவி ஆய்வாளன் ராஜராஜனின் கனிவான வணக்கம்.

ஒரு கேள்வி என்னைக் குடைந்து குடைந்து எடுத்தது. ஒருமுறை திருடிய வீட்டுக்கே திருடன் ஏன் திரும்ப வருகிறான்? வழித்துத் துடைத்த வீட்டில் அவனுக்கு என்ன வைத்திருக்கிறோம், விருந்தா?

சிரிக்கிறீர்கள். ஆசிரியை மாதங்கி வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆடி வெள்ளியன்று குடும்பமே கோயிலுக்குப் போன பகலில், பின்கதவை உடைத்து நகைகளை எடுத்தான். பன்னிரண்டே நாளில் மறுபடி வந்து வெள்ளிப் பாத்திரங்களை எடுத்தான். "எது எங்கே இருக்குன்னு தெரிஞ்சவதான் சார் எடுத்திருக்கணும்" என்று வீட்டு வேலை செய்யும் ஈஸ்வரியைச் சொன்னார்கள். நானும் நம்பினேன்! மூன்று நாள், காலை முதல் மாலை வரை, அவரை நிலையத்தில் உட்காரவைத்தேன். மாதங்கி வீடு உட்பட அவர் பார்த்துவந்த நான்கு வீட்டு வேலையும் போயிற்று.

ஆனாலும் மனம் ஆறவில்லை. ஐந்தாண்டுக் கோப்புகளைக் கொட்டிப் பார்த்தேன். இருமுறை திருட்டு நடந்தவை ஏழு வீடுகள். முதல் திருட்டு எந்த மாதம்? ஆடி! இரண்டாவது? அதே ஆடி! என்னய்யா இது, திருடனும் ஆடித் தள்ளுபடியா பார்க்கிறான்?

மாதங்கி அம்மாவிடமே ஓடினேன். "ஏம்மா, உடைஞ்ச கதவை உடனே மாத்தலையா?"

"ஆடியில யாராவது கதவு வைப்பாங்களா சார்? ஆவணி பொறக்கட்டும்னு கயித்தால கட்டி வச்சிருந்தோம்."

கயிறு, பெரியோர்களே, கயிறு! விசாரித்தால் ஏழு வீட்டிலும் கயிறு! வழி தெரிந்தவன், வசதி தெரிந்தவன், விட்டுப்போனது எதுவென்று தெரிந்தவன் வராமல் என்ன செய்வான்? அடுத்த ஆடியில் கதவு உடைந்த எட்டாவது வீட்டுக்குள் மஃப்டியில் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான், ஈஸ்வரியை முன்பின் பார்த்தேயிராத ஒருவன். மாதங்கி வீட்டு வெள்ளிக்குடமும் அவனிடமே இருந்தது.

என்ன, பின்வரிசையில்? "அப்ப ஆடியில கதவு வைக்கலாமா?" வையுங்கள் ஐயா! சாமி கோபித்தால் என்மேல் புகார் கொடுக்கட்டும், நானே எழுதிக்கொள்கிறேன்.

பெருமை பேசவா வந்தேன்? இல்லை! ஓராண்டு ஒரு பெண் திருட்டுப் பட்டத்தோடு நடந்தார். அதைச் சூட்டியவன் நான். வெட்கப்படுகிறேன். நேற்று அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்க கேட்டுட்டீங்க சார். அந்த நாலு வீட்டுக்காரங்களும் என்னைப் பார்த்தா இன்னும் கைப்பையை இறுக்கித்தான் பிடிக்கிறாங்க."

ஈஸ்வரி இதோ முன்வரிசையில் இருக்கிறார். அந்த நான்கு வீட்டுக்காரர்கள், நீங்களும் இருக்கிறீர்கள். செவிகொடுத்த அவைக்கு என் நன்றி, என் வணக்கம். மாதங்கி அம்மா, மேலே வாங்க, மைக்கைப் பிடிங்க. ஈஸ்வரியை அவங்க பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்க.