பெரணி மூடிய குளம்

மிதக்கும் பெரணி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இலையின் மேல்பக்கம் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீன்தொட்டிக்கு மூடி போட்டால் ஆவி திரண்டு சொட்டி இலை அழுகிவிடும், அதனால் மூடி கூடாது. ஃபில்டர் தண்ணீரைக் கலக்கினால் செடி கவிழ்ந்துவிடும். அதற்கு ஏர் டியூபை வளையமாக ஒட்டி மிதக்கவிட்டு, அதற்குள் செடியை விட வேண்டும். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். தானாக வளர்வதை வளர்த்துக் காட்டிப் பெயர் வாங்கிய ஆள் நான். இந்த அந்தமானில், டாலிகஞ்சில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஜஸ்டின் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரணி ஜஸ்டின் என்றால் மீன் வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் புகழுக்காகவே வாசலில் நிற்கும்போது இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பேன்.

அண்ணன் எப்படிச் செத்தான் என்று கேட்டால் இவன் செடியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள் சார். செடியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

என் மனைவி சுஜிதா, பையன் டெர்வினின் படிப்புக்காக மெயின்லாண்ட் போனாள். ஒரு வருஷம் என்றுதான் சொன்னாள். கப்பல் ஏறுகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பையன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான், அவள் இன்னும் தூத்துக்குடியில் இருக்கிறாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மீன்தொட்டி வாங்கினேன், அவ்வளவுதான்.

எனக்கென்று மிஞ்சியது தாமஸ் அண்ணன் வீடு. படகை விற்றுவிட்டு சௌல்தாரி கிராமத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி, பாக்கு வைத்து, குளம் வெட்டி மீன் விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். லூசி மதினி எனக்கென்று தனித் தட்டு வைத்திருந்தார். பிள்ளை பிரவீனா என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். வாரம் முழுக்க வேறு யாரும் என்னைச் சொந்தம் சொல்லிக் கூப்பிடாததால் அது காதில் நன்றாக விழும்.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணன் சொன்னான். "லே ஜஸ்டின், நசீருதீன் பாய் நிலத்தைக் கேக்குறாரு. குளத்துக்காவத்தான் எடுக்கேன்னு சொல்லுதாரு. குடுத்துட்டு ஊருக்கே போயிரலாம்னு பாக்கேன். பிள்ளைக்குக் காலேஜும் வேணும்லா."

"நல்லது அண்ணே" என்றேன். இன்னொரு துண்டு மீனும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊரில் வீடு பார்ப்பதற்காக அவர்கள் மூவரும் கப்பல் ஏறினார்கள். வீட்டுச் சாவியும் குளமும் என் பொறுப்பில். நசீருதீன் நல்ல மனிதர், போர்ட் பிளேரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருக்கு வேண்டியது குளம்தான். குளம் கெட்டால் நிலம் எதற்கு என்று யோசிப்பார், விலை படியாது, அண்ணன் தங்கிவிடுவான். என் கணக்கு இவ்வளவுதான். ஒரு குடும்பத்தைத் தீவில் நிறுத்திவைக்க வேறு ஆட்களுக்கு அன்பு, அழுகை, சண்டை என்று எத்தனையோ வழி தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பெரணி.

தொட்டியில் மிஞ்சியதை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் குளத்தில் விட்டேன். கோழி எரு போட்டேன். தொட்டியில் இருக்கும்போது நகம் அளவு இருந்த இலை, குளத்தில் காது போல மடிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. கொஞ்ச நாளில் தண்ணீர் தெரியவில்லை. அடியில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் மீன்கள் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாவமாக இருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பெரணியை நான் வளர்த்ததில்லை. போட்டோ எடுத்தேன். யாருக்கும் அனுப்ப முடியாதே என்று வருத்தமும் பட்டேன்.

குளத்துக்குள் ஒரு பள்ளம் உண்டு. கோடையில் தண்ணீர் நிற்பதற்காக அண்ணனே வெட்டியது, இரண்டு ஆள் ஆழம். அடையாளத்துக்கு அதன் விளிம்பில் ஒரு மூங்கில் நட்டிருந்தான். பெரணி அந்த மூங்கிலில் தட்டித் தேங்கி, ஒரு பக்கம் பரவாமல் நின்றது. அதனால் மூங்கிலைப் பிடுங்கிக் கரையோரமாகத் தள்ளி நட்டேன். செடிக்காகத்தான் செய்தேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவருகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். "தம்பி, இது என்ன பாசி, இப்பிடி மூடிக் கெடக்கு" என்றார் மதினி. "மழைக்கு வந்திருக்கும் மதினி" என்றேன். நசீருதீனும் வந்து பார்த்தார். என் திட்டப்படி அவர் முகம் சுளித்திருக்க வேண்டும். அவரோ, "டென்ஷன் எடுக்காதீங்க தாமஸ் பாய். சாஃப் பண்ணிக் குடுங்க, நான் எடுத்துக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு டீயும் குடித்துவிட்டுப் போனார். உலகத்தில் எத்தனை சிடுமூஞ்சிகள் இருக்கிறார்கள், எனக்கு வாய்த்தவர் இவர்.

குளத்தைச் சுத்தம் செய்ய அண்ணன் மறுநாளே பழைய வலையை எடுத்தான். கரைவலை இழுப்பது போலப் பெரணியை வளைத்து இழுத்துவிடலாம் என்றான். வலையின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் தண்ணீருக்குள் இறங்கினான். மறு நுனிக் கயிறு கரையில் என் கையில். "மூங்கில் அங்கதான நிக்கி" என்று கேட்டான். "ஆமா அண்ணே" என்றேன். மூங்கில் அப்போது நின்ற இடத்தைத்தான் சொன்னேன், அதில் பொய் இல்லை.

மன்னார் வளைகுடாவில் நீந்தியவன் குளத்தில் சாவானா என்று எல்லாரும் கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் இருக்கிற கோளாறே அதுதான், கடலைத் தவிர வேறெதையும் தண்ணீர் என்று மதிக்க மாட்டோம். அண்ணன் மூங்கிலை விட்டு நன்றாக விலகித்தான் நடந்தான். விலகிய இடத்தில் பள்ளம் இருந்தது. மேலே வந்தவன் தலை பெரணிக்கு அடியில் முட்டியது. பாய் விரித்த மாதிரி கனத்துக் கிடந்தது, அவனால் கிழிக்க முடியவில்லை. பச்சை ஒரு இடத்தில் மட்டும் எழும்பி எழும்பி அடங்கியது.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் கரையில் இருப்பவன் இழுக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, இழுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து நாங்கள் இருவரும் அப்படித்தான் வேலை செய்திருக்கிறோம்.

கயிறு சுண்டியது. பெரணியின் கனம் என்று நினைத்தேன். திரும்பவும் சுண்டியது. அது பெரணி இல்லை என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. நான் கயிற்றை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு நின்றேன். இழுத்தால் குளம் சுத்தமாகும், விற்றுப்போகும், அடுத்த கப்பலில் ஏறுவார்கள் என்று ஓடியது மனதில். சுண்டுவது நின்ற பிறகு கத்திக்கொண்டே இழுத்தேன். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை நடிப்பில்லை.

விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிவிட்டார்கள். அண்ணனை இங்கேயே அடக்கம் செய்தோம், அவன் எங்கும் போகவில்லை. ஆனால் மதினி என் முகத்தைப் பார்த்து, "இனி இந்தத் தீவுல எனக்கு என்ன இருக்கு தம்பி" என்று கேட்டார். நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். நசீருதீன் இரக்கப்பட்டு, பெரணி மூடிய குளத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒருவரையும் தடுக்க முடியாத என் செடி அங்கே இன்னும் தளதளவென்று நிற்கிறது. மதினிக்கும் பிரவீனாவுக்கும் வெள்ளிக்கிழமை கப்பலில் டிக்கெட் போட்டாகிவிட்டது.

அதனால்தான் நானாக வந்தேன். மூங்கிலை நகர்த்தியது நான், கயிற்றை இழுக்காமல் நின்றதும் நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும் சார். கொலை வழக்கு என்றால், அது முடிகிறவரை சாட்சிகளைத் தீவைவிட்டுப் போக விடமாட்டீர்கள்தானே?