தெருக்காரர் போடாத ஓட்டு

பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் மீன் விற்றுத் திரும்பும் ஒரு பெண்ணும், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத அவள் நாத்தனாரும்.

"நம்ம தெருவுல ஒருத்தரும் உனக்கு ஓட்டுப் போடல. நான்தான் போடக் கூடாதுன்னு சொல்லி வச்சேன்," என்றாள் மீன்காரப் பெண்.

"என்ன அண்ணி இது? அந்த வலைப்பதிவுத் தளத்துல அதிக ஓட்டு வாங்குற கட்டுரைக்குத்தான் பரிசு. முதல் இடத்துல இருக்கறவன் காசு கொடுத்து விளம்பரம் போட்டிருக்கான், ஓட்டையும் வாங்கியிருக்கான். நான் ரெண்டாவதா நிக்கிறேன்."

"நம்ம படகு மீனை ஏலம் விடுறப்ப நம்ம ஆளுங்களே விலை கேப்பாங்களா? கேட்டா, பொய்யா விலை ஏத்துறோம்னு கரையே சிரிக்கும்."

"அது மீனு, அண்ணி."

"நீ எழுதினதும் நம்ம படகைப் பத்தித்தானே?"

இளையவள் கைபேசியில் ஓட்டுக் கணக்கைப் பார்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கு விழுந்த ஓட்டுல நம்ம ஆளு யாருமே இல்லையா?"

"ஒருத்தரும் இல்ல."

"அத்தனையும் வெளியாளுங்களா?" கைபேசியை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்ப அவனுது ஏத்திவிட்ட விலை, அண்ணி. என்னுதுதான் நெஜ விலை."