கூரைக் காசு

நீங்கள் தந்த பேனாவில் மை சரியாக இறங்கவில்லை. கடையிலிருந்து வேறொன்று எடுத்து வந்து எழுதுகிறேன். அதனால் மேலே என் பெயர் ஒரு நிறத்திலும் மீதி இன்னொரு நிறத்திலும் இருக்கும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் மீராசா ஹாஜியார் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தச் செயலியில் சேருவதற்கு ஊராரிடம் ஏன் காசு கட்டச் சொன்னாய், மசூர்?

செயலியின் பெயரை எழுதவில்லை. இப்போது அந்தப் பெயரில் எதுவும் இல்லை. போனில் நாம் படம் போட வேண்டும், மற்றவர்கள் போடும் படங்களுக்கு லைக் அழுத்த வேண்டும், அதற்குக் கூலி. சேரும்போது மட்டும் ஒரு தொகை கட்ட வேண்டும். கட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து, இன்றைக்கும் அதுதான். சும்மா சேர்ந்தவன் ஒரு கிழமை அழுத்துவான், பிறகு மறந்துபோவான். காசு கட்டியவனோ விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுச் செருப்பு மாட்டும் முன்னமே போனை எடுப்பான். கல்முனை பஸாரில் பதினெட்டு வருடமாகப் போன் திருத்துகிறேன். நான் இலவசமாகக் கொடுத்த போன் உறையைப் பத்து நாள் வைத்திருந்த ஆளைக் கண்டதில்லை.

ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். அத்தனை பேரும் கேட்டது ஒன்றைத்தான்: இதில் வட்டி உண்டா? இல்லை என்றேன். அது உண்மை. அந்தக் கூலியை யார் தருகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அடுத்ததாகச் சேருகிறவர்தான் என்று சொல்லியிருப்பேன். கேளாத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

கொஞ்சம் பொறுங்கள், மழை பிடித்துக்கொண்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். காலையிலிருந்து இது நாலாவது தடவை. என் போனை வேறு நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். பெருவிரல் சும்மா இருக்கிறதில்லை, மேசையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது.

சல்மா உம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எனக்கு உறவில்லை, பக்கத்து வளவு வீட்டுக்காரர். என் மகள் அம்ஹா பிறந்த கையோடு மனைவி காய்ச்சலில் விழுந்தபோது, தன் மகள் றுஸ்னாவோடு சேர்த்து அம்ஹாவுக்கும் நாற்பது நாள் பால் கொடுத்தவர். அந்த முறையில் அவர் அம்ஹாவுக்குப் பால் உம்மா. நான் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவேன். நன்றி மறந்தவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் நம் ஊரில் கலியாணம் இல்லை. இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் சுவர் எழும்பி நின்றது, இரண்டுக்கும் கூரை இல்லை. றுஸ்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. றினாஸ், அக்கரைப்பற்றில் அரசாங்க உத்தியோகம், நல்ல பிள்ளை. கூரைக்கென்று சல்மா உம்மா இறக்காமத்து வயலை விற்று ஆறு லட்சம் வைத்திருந்தார். அம்ஹாவின் கூரைக்கான ஐந்தரை லட்சம் என் பெயரில் செயலிக்குள் கிடந்தது.

ஆவணி மாதம் செயலியில் ஓர் அறிவித்தல் வந்தது. காசை வெளியே எடுக்க விரும்புகிறவர் பத்து நாளுக்குள் ஆறு லட்சம் கட்டும் தங்க உறுப்பினர் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். பற்றரி சாகப்போகிற போன் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். இதுவும் தெரிந்தது.

சல்மா உம்மா ஏற்கனவே ஐயாயிரம் கட்டிச் சேர்ந்திருந்தார். நண்டுக் கறி, றுஸ்னாவின் மருதாணிக் கை என்று படம் போடுவார். யாரும் பார்ப்பதில்லை, மனம் சலித்து விட்டுவிட்டார். நான் அவரை மறுபடியும் போடச் சொன்னேன். திருத்த வந்த போன்கள் கடையில் முப்பத்தெட்டுக் கிடந்தன. ஊராருடைய கணக்குகள், பூட்டு எண்கள் எனக்குப் பாடம். ஒவ்வொன்றாகத் திறந்து சல்மா உம்மாவின் நண்டுக் கறிக்கு லைக் போட்டேன். ஒரு கிழமை. கண் எரியும், விரல் மரத்துப்போகும், ஆனாலும் விடவில்லை. அவருக்கு விழுந்த கூலி என்று என் மேசை லாச்சியிலிருந்து ஏழாயிரம் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கறியை ஊரே மெச்சுகிறது என்று நினைத்தார்.

எட்டாம் நாள் ஆறு லட்சத்தையும் கொண்டுவந்தார்.

"தம்பி, இதுல வட்டி கிட்டி ஒண்டும் இல்லயே?"

"இல்ல ராத்தா. வேல செய்யிற, கூலி எடுக்கிற."

"அப்ப சரி. புள்ளட வூட்டுக்குப் போற காசு, ஹலாலா இரிக்கோணும்."

வெள்ளிக்கிழமை என் ஐந்தரை லட்சம் வங்கிக்கு வந்தது. திங்கட்கிழமை செயலி நின்றது.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவர் கடைக்கு வந்தார். "தம்பி, இந்த வட்டம் சுத்திச் சுத்தி நிக்கிதில்ல, ஒருக்காப் பாருங்களன்" என்று போனை நீட்டுவார். நான் திரையைத் துடைத்து, ரெண்டு நாளில் சரிவரும் என்று திருப்பிக் கொடுப்பேன். ஒரு நாளும் காசு வாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வரவில்லை. எனக்குத்தான் என்னவோபோல் இருந்தது, நாலைந்து தடவை தெருவை எட்டிப் பார்த்தேன்.

பிறகு றினாஸின் வாப்பா சப்ரி காக்கா கண்ணாடி உடைந்த போனோடு வந்தார்.

"மசூர், அந்தப் புள்ளட வூட்டுக்கு எப்ப ஓடு போடுறாங்களாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். மார்க்கம் அதற்கு இடம் தரவில்லை.

"இனிப் போடமாட்டாங்க காக்கா. காசு இல்ல."

என் கடையிலிருந்து பார்த்தால் அம்ஹாவின் வீடு தெரியும். ஓட்டுக்காரர்கள் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் றினாஸுக்கும் அம்ஹாவுக்கும் நிக்காஹ் நடந்தது. உங்கள் சபையில் அநேகம் பேர் வந்து சாப்பிட்டீர்கள்.

ஆகவே ஹாஜியார், சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். செயலி சாகப்போகிறது என்று தெரிந்துதான் சல்மா உம்மாவைக் கட்டச் சொன்னேன். அவருடைய காசு போனதால்தான் என்னுடையது வந்தது. அம்ஹாவின் தலைக்கு மேல் இருப்பது றுஸ்னாவின் கூரை. மற்ற நூற்றுப் பதினொரு பேரும் தங்கள் ஆசையால் போனார்கள். இவரை நான் தெரிந்தெடுத்தேன். வேறு யாரிடமும் அப்போது கையில் ஆறு லட்சம் இருக்கவில்லை, இருந்தாலும் என்னை அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

ஓட்டைக் கழற்றிக் கொடு என்று சபையில் ஒருவர் சொன்னாராம். கலியாணம் முடித்த பிள்ளை புதிதாகக் குடியிருக்கும் வீடு, மழைக்காலம் வேறு. இப்போதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அடுத்த வளவில் றுஸ்னாவின் வீட்டுக்குள் மழை நேராக விழுகிறது. அறைக்குள் புல் முளைத்திருக்கிறது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மதில் கொஞ்சம் உயர்த்தலாம் என்று யோசிக்கிறேன்.

ஒன்றை மட்டும் சபை குறித்துக்கொள்ள வேண்டும். கலியாணத்துக்கு நானே நேரில் போய்ச் சல்மா உம்மாவை அழைத்தேன், பால் கொடுத்த உம்மா முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று. கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டுச் சகன் தட்டு அனுப்பினேன், மூடியபடி திரும்பி வந்தது. ஊர் என்ன கதைக்கும் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பரவாயில்லை, அதை நான் அவருக்கு மன்னித்துவிட்டேன்.